கிளட்ச் விஷயத்தில் நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்தது

பதிவு கொஞ்சம் நீளம். காலையில் அவசரமாக வேலைக்குக் கிளம்புகிறவர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்து படியுங்கள். ஆனால் மோட்டார் சைக்கிளில் மண் ரோட்டில், மலையில் போகிறவர்கள் யாராக இருந்தாலும் கட்டாயம் படிக்க வேண்டும். அதிலும் என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் படித்தே ஆக வேண்டும். காரணம் கீழே வருகிறது.

போன மாதம் என் தங்கையின் பேரன் கல்வராயன் மலையில் ஒரு சரளைப் பாதையில் இறங்கும்போது விழுந்துவிட்டான். இடது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. செய்தி வந்த பத்தாவது நிமிடத்தில் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பும் வந்துவிட்டது: வண்டியை விற்றுவிட வேண்டும். அவனுடைய அம்மா, எனக்கு மருமகள் முறை, போன் போட்டாள். "மாமா, நீங்க சொன்னா கேப்பான். அந்த எமனை முதல்ல வித்துத் தொலைக்கச் சொல்லுங்க."

நேரில் போனேன். பையன் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். நான் அவனைத் திட்டவில்லை. கணக்கு தப்பாகப் போட்ட பையனிடம் விடை என்ன என்று கேட்பதைவிட எந்தப் படியில் தப்பினாய் என்று கேட்பதுதான் என் வழக்கம், உங்களுக்கே தெரியும். ஒரு துடைப்பக் கட்டையை அவன் முன்னால் நீட்டி, "இதுதான் ஹேண்டில் பார். விழுறதுக்கு முன்னாடி இடது கை எப்படி இருந்துச்சு, வலது கையில பிடிச்சுக் காட்டு" என்றேன். பிடித்துக் காட்டினான். நான்கு விரலும் கிளட்ச் லிவரை முழுக்க இழுத்து வைத்திருந்தன. கைப்பிடியைச் சுற்றி இருந்தது கட்டைவிரல் மட்டும்.

"இறக்கத்துல எதுக்குடா கிளட்சை முழுசாப் பிடிச்ச?"

"நீங்கதான தாத்தா சொன்னீங்க? இறக்கத்துல கிளட்ச் பிடிச்சுட்டு விட்டா இன்ஜினுக்கு நல்லது, பெட்ரோலும் மிச்சம்னு."

மருமகள் காபி டம்ளரை என் முன்னால் வைத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் திட்டியிருந்தால் பரவாயில்லை.

பையன் சொன்னது உண்மை. அவனுக்கு மட்டும் இல்லை, மலைப் பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் என் எஸ்டியில் ஓட்டிப் பழகிய அத்தனை பேருக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். அந்தக் காலத்தில் அது தப்பில்லை. இன்றைய வண்டிக்குத் தப்பு. ஏன் என்று சொல்கிறேன். பாடம் நடத்துகிறேன் என்று நினைத்தாலும் சரி.

1988-இல் எனக்கு மலையில் வேலை போட்டார்கள். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏற ஆரம்பித்தால், கடைசிக் கொஞ்ச தூரம் ரோடு என்று ஒன்று கிடையாது. சிவப்பு மண், உருண்டைக் கல், நடுவில் ஓர் ஓடை, இரண்டு பக்கமும் மரவள்ளிக் காடு. செகண்ட் ஹேண்டில் ஒரு எஸ்டி வாங்கினேன். கிக்கரே கியர் லிவராகவும் இருக்கும் அந்த வண்டியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அது டூ ஸ்ட்ரோக். இன்ஜின் உள்ளே பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் போகிற ஆயிலை நாம் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டும். இப்போது யோசியுங்கள். நீண்ட இறக்கத்தில் ஆக்சிலரேட்டரை முழுக்க மூடிவிட்டு கியரிலேயே இறங்கினால், சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்ற வைக்கும், ஆனால் பெட்ரோல் உள்ளே போகாது. பெட்ரோல் போகவில்லை என்றால் ஆயிலும் போகவில்லை. பிஸ்டன் காய்ந்து ஜாம் ஆகிவிடும் என்ற பயம் எல்லா டூ ஸ்ட்ரோக்காரர்களுக்கும் உண்டு. அதனால் கிளட்சைப் பிடிப்போம், நடுநடுவே ஒரு முறுக்கு முறுக்குவோம். போதாததற்கு டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிரேக்கிங் என்பதே சொற்பம். கியரில் விட்டாலும் பெரிதாகப் பிடித்து இழுக்காது. எனவே கிளட்சைப் பிடித்தால் இழப்பு ஒன்றும் இல்லை.

இன்றைக்கு நீங்கள் ஓட்டுவதெல்லாம் ஃபோர் ஸ்ட்ரோக். ஆயில் இன்ஜினின் அடியில் தனியாக இருக்கிறது. ஆக்சிலரேட்டர் மூடியிருந்தாலும் இன்ஜின் சுற்றும் வரை பம்ப் ஆயிலைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஜாம் பயம் இல்லை. இன்ஜின் பிரேக்கிங்கும் நன்றாக இருக்கும். இறக்கத்தில் முதல் கியரில் கிளட்சை விட்டால், யாரோ பின்னால் கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டு வருவது போல வண்டி அடக்கமாக இறங்கும். கிளட்சைப் பிடித்தீர்களானால் அந்தக் கயிற்றை நீங்களே அறுத்துவிடுகிறீர்கள்.

பெட்ரோல் மிச்சம் என்பதும் இப்போது தலைகீழ். 2020-இல் பிஎஸ் 6 வந்த பிறகு நம் மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய எல்லாமே ஃப்யூயல் இன்ஜெக்ஷன்தான். கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரை மூடிவிட்டு இறங்கும்போது அந்த வண்டிகளில் பெரும்பாலானவை பெட்ரோலையே நிறுத்திவிடும். சக்கரம்தான் இன்ஜினைச் சுற்றுகிறது. கிளட்சைப் பிடித்தால் இன்ஜின் தானாக ஐடிலில் ஓட வேண்டும், அதற்குப் பெட்ரோல் வேண்டும். ஆகக்கூடி நான் சொன்னதைக் கேட்டு மிச்சம் பிடித்தவர்கள் கூடுதலாகச் செலவழித்திருக்கிறார்கள்.

பையன் விழுந்த கதைக்கு வருகிறேன். கிளட்சைப் பிடித்தபடி இறங்கியிருக்கிறான், வேகம் கூடியிருக்கிறது. வளைவு வந்ததும் பயந்து கிளட்சைச் சட்டென்று விட்டிருக்கிறான். கியர் முதலில். வேகமாகச் சுற்றிக்கொண்டிருந்த பின் சக்கரத்தை இன்ஜின் திடீரென்று பிடித்ததும், சரளையில் அது வழுக்கிப் பின்புறம் ஆடியிருக்கிறது. பதற்றத்தில் மறுபடி நான்கு விரலால் கிளட்சை இழுத்திருக்கிறான். அந்த நேரம் பார்த்து முன் சக்கரம் ஒரு கல்லில் மோதியது. இடது பக்கம் கைப்பிடியைப் பிடித்திருந்தது கட்டைவிரல் மட்டும். ஹேண்டில் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு திரும்பிவிட்டது. இதில் வண்டியின் குற்றம் எங்கே இருக்கிறது?

ஆகவே முதல் விஷயம் விரல். மண் ரோட்டில் கிளட்ச் லிவரில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும். மற்ற இரண்டு விரலும் கட்டைவிரலும் கைப்பிடியை விடவே கூடாது. வலது பக்கம் முன் பிரேக்குக்கும் இதேதான், அங்கே ஒரு விரலே போதும் என்பவர்களும் உண்டு. இந்த விரல்கள் எப்போதும் லிவர் மேல் இருக்க வேண்டும். தேவை வந்த பிறகு நீட்டித் தேடுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

"சார், ரெண்டு விரல்ல கிளட்ச் வராது, கெட்டியா இருக்கு" என்று சிலர் சொல்வீர்கள். ஒன்பதாம் வகுப்பில் நெம்புகோல் நடத்தினேனே, மறந்துவிட்டதா? அச்சிலிருந்து 10 செ.மீ. தள்ளி இழுப்பதற்கும் 15 செ.மீ. தள்ளி இழுப்பதற்கும் வித்தியாசம் உண்டு. 15-இல் இழுத்தால் மூன்றில் இரண்டு பங்கு விசை போதும். கம்பெனியிலிருந்து வரும்போது லிவர் நான்கு விரலுக்குத் தோதாக வெளியே தள்ளிப் பொருத்தப்பட்டிருக்கும். மெக்கானிக்கிடம் சொல்லி, லிவரைத் தாங்கும் கிளாம்ப்பைத் தளர்த்தி, இடம் இருக்கும் அளவுக்கு வண்டியின் நடுப்பக்கம் தள்ளி மாட்டச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு விரலும் லிவரின் நுனிக்கு வந்துவிடும். கேபிளுக்கு எண்ணெய் விடுங்கள். பாதி கனம் அந்தக் காய்ந்துபோன கேபிளில்தான் இருக்கிறது.

இன்னொன்று, இரண்டு விரலில் இழுக்கும்போது லிவர் வந்து மற்ற இரண்டு விரலை நசுக்கும். அதற்கு முன்பே கிளட்ச் முழுதாக விடுபட்டிருக்க வேண்டும். லிவர் பக்கத்திலேயே இருக்கும் திருகால் ஆட்டத்தைக் கூட்டிக் குறைத்து அதைச் சரி செய்யலாம். ஆட்டமே இல்லாமல் இறுக்கிவிடக் கூடாது, கிளட்ச் எப்போதும் அரைகுறையாகப் பிடித்துத் தேயும். ஆட்டம் அதிகமாகவும் விடக் கூடாது, முழுக்க விடுபடாமல் கியர் மாற்றும்போது முரண்டு பிடிக்கும். என் மாணவி ஒருத்தி மலையில் செவிலியராக இருக்கிறாள். சின்னக் கை. லிவர் எட்டவில்லை என்று பல வருடம் ஸ்கூட்டரையே நம்பி, மழைக்காலத்தில் பாதி வழி நடந்துபோவாள். கிளட்ச் பிடிக்கிற இடத்தைக் கைப்பிடிக்குக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுவந்து கொடுத்ததும் மோட்டார் சைக்கிளுக்கு மாறிவிட்டாள். ஆகும் செலவு ஒன்றும் இல்லை, ஸ்பேனர் பிடிக்கிற ஐந்து நிமிடம்தான்.

அந்தக் கிளாம்ப்பை மறுபடி முடுக்கும்போது மூச்சைப் பிடித்து முடுக்க வேண்டாம். ஓட்டும்போது நகரக் கூடாது, விழுந்தால் சுழல வேண்டும், அந்த அளவு போதும். இரும்புப் பிடியாக இருந்தால் விழுந்ததும் லிவர் முறியும். மலையில் லிவர் முறிந்தால் என்ன ஆகும் என்பதை அனுபவித்தவன் சொல்கிறேன், பதினொரு கிலோமீட்டர்.

இனி கை. முழங்கை வெளியே விரிந்து கொஞ்சம் மடங்கியிருக்க வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை எப்படிப் பிடிப்போம்? உள்ளங்கையில் சாய்வாகக் கிடக்கும் அல்லவா, கைப்பிடியும் அப்படிக் கிடக்கட்டும். இறுக்கம் கோழிக்குஞ்சைப் பிடிக்கிற அளவு. வண்டியைப் பிடிக்க வேண்டியது முழங்கால். பெட்ரோல் டேங்க்கை இரண்டு காலாலும் அணைத்து, பாரத்தைக் காலடிக் கம்பியில் இறக்க வேண்டும். எழுந்து நின்று ஓட்டும்போது மணிக்கட்டு உடையாமல் முன்னங்கையோடு ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால் லிவர்களைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்க்க வேண்டும்.

கையை இறுக்கினால் என்ன ஆகும் என்பதற்கு என்னையே சாட்சியாக வைக்கிறேன். ஒரு வருடம் அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களை வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு ஓடையைத் தாண்டினேன். அக்கரை மேட்டில் ஏறும்போது வண்டி ஒரு குதி குதித்தது. என் உடம்பு பின்னால் சாய்ந்தது. கைப்பிடியை இறுகப் பற்றியிருந்ததால் வலது மணிக்கட்டு தானாகக் கீழே இறங்கி ஆக்சிலரேட்டர் இன்னும் திறந்தது. வண்டி இன்னும் பாய்ந்தது, நான் இன்னும் சாய்ந்தேன், இன்னும் திறந்தது. பிறகு நான் ஓர் இடம், வண்டி ஓர் இடம், விடைத்தாள்கள் ஓடையில். ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பாறையில் காயவைத்தேன். மை கரைந்து படிக்க முடியாமல் போன பக்கங்களுக்கு என்ன மதிப்பெண் போட்டேன் என்பதை அந்த செட் மாணவர்களிடம் இதுவரை சொன்னதில்லை. அதில் ஒருவர் இன்று பொறியாளர். அப்போது தேறியதற்கு ஓடைக்கும் பங்கு உண்டு.

அன்றைக்கு இரண்டு விரல் கிளட்சில் இருந்திருந்தால் ஒரே இழுப்பில் முடிந்திருக்கும். ஆக்சிலரேட்டர் எவ்வளவு திறந்திருந்தாலும் கிளட்சைப் பிடித்த நொடியில் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உறவு அறுந்துவிடும். இன்ஜின் கத்தும், அவ்வளவுதான். அதனால்தான் சொல்கிறேன், கிளட்ச் என்பது கியர் மாற்றுவதற்கு மட்டும் என்று நினைக்கிற வரை மண் ரோட்டில் நீங்கள் பாதி கையோடுதான் ஓட்டுகிறீர்கள்.

கிளட்சின் உள்ளே உராய்வுத் தட்டும் எஃகுத் தட்டும் ஒன்று விட்டு ஒன்றாக அடுக்கியிருக்கும். ஸ்பிரிங் அவற்றை அழுத்திப் பிடித்திருக்கும். லிவரை இழுத்தால் அழுத்தம் விலகும். முழுக்கப் பிடித்ததற்கும் முழுக்க விட்டதற்கும் நடுவே, தட்டுகள் வழுக்கியபடி கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தியைக் கடத்துகிற ஓர் இடம் இருக்கிறது. ஹாஃப் கிளட்ச் என்கிறோம். லிவரின் மொத்த ஓட்டத்தில் அது விரல் அகலம்கூட இருக்காது. ஏற்றத்தில், சேற்றில், கல்லுக்கு இடையில் எல்லா வித்தையும் அதற்குள்தான். ஆக்சிலரேட்டரை ஒரே சீராக வைத்துக்கொண்டு கிளட்சால் வேகத்தைக் கூட்டிக் குறைக்கப் பழகுங்கள். சக்கரம் சறுக்கிச் சுற்ற ஆரம்பித்தால் முறுக்கைக் குறைக்காமல் கிளட்சை மயிரிழை இழுத்தால் போதும், சக்கரம் அடங்கி மண்ணைப் பிடிக்கும். ட்ரையல்ஸ் என்று ஒரு போட்டி இருக்கிறது. ஆள் உயரப் பாறைகளில் வண்டியோடு ஏறுவார்கள். ஸ்பெயின்காரர் டோனி போ 2007 முதல் அதில் தொடர்ந்து உலக சாம்பியன் பட்டம் வாங்கியவர். யூடியூபில் அவர் வண்டி தாவுவதைப் பார்க்காதீர்கள், இடது கையைப் பாருங்கள். லிவரில் ஒரே ஒரு விரல்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் ஓசூர் டிவிஎஸ் அணிக்கு ஓட்டிய கேரளத்துப் பையன் ஹரித் நோவா, 2024 டக்கார் ராலியில் தன் பிரிவில் முதலாவதாக வந்தான். சவூதி மணல் மேட்டில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர். இதெல்லாம் ரவுடிப் பிள்ளைகள் செய்கிற வேலை என்று குழுவில் எழுதிய பெரியவர்கள் அந்தப் பையனின் பெயரைத் தேடிப் பார்க்கட்டும்.

மேட்டில் பாதியில் இன்ஜின் நின்றுவிட்டால் பலரும் முன் பிரேக்கை மட்டும் பிடித்துக்கொண்டு தவிப்பார்கள். ஏற்றத்தில் பாரம் முழுக்கப் பின் சக்கரத்தில் இருக்கும், முன் சக்கரம் பிரேக் பிடித்தபடியே சரளையில் பின்னோக்கி வழுக்கும். பதறாதீர்கள். வண்டியை முதல் கியரில் வைத்து, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை முழுக்க விட்டுவிடுங்கள். நின்றுபோன இன்ஜினே பின் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பிறகு கிளட்சைக் கொஞ்சம் இழுத்தால் ஓர் அடி பின்னால் வரும், விட்டால் நிற்கும். இழு, விடு, இழு, விடு என்று காலை ஊன்றி, பின்புறத்தைப் பக்கவாட்டில் திருப்பி வண்டியை இறக்கிவிடலாம். அந்த நேரத்தில் கிளட்ச் லிவர்தான் உங்களுக்குப் பின் பிரேக். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஐம்பது வயது ஆனது.

இறக்கத்துக்கு இப்போதைய திருத்தம் இது. முதல் அல்லது இரண்டாம் கியர், மேலேயே போட்டுக்கொள்ள வேண்டும், நடுவழியில் அல்ல. கிளட்ச் முழுக்க விட்டிருக்க வேண்டும். ஆக்சிலரேட்டர் மூடி. பின் பிரேக் லேசாக, முன் பிரேக் நேராகப் போகும்போது மட்டும் மெதுவாகப் பிழிய வேண்டும். பின் சக்கரம் சுற்றாமல் வழுக்குகிறது, அல்லது இன்ஜின் நிற்கப் பார்க்கிறது என்றால் மட்டும் கிளட்சை ஒரு கணம் தொட்டு, மெதுவாக விடுங்கள். விரல்கள் லிவர் மேலேயே இருக்கும், ஆனால் இழுக்காது.

தார் ரோட்டில் இந்தப் பழக்கத்தை அப்படியே கொண்டுவராதீர்கள். விரலை லிவர் மேல் போட்டு அழுத்தியபடியே சந்தைக்கும் கோயிலுக்கும் போனால் தட்டு தேய்ந்து, கருகிய வாடை வரும், மெக்கானிக் சந்தோஷப்படுவார். சேற்றில்கூட நீண்ட நேரம் வழுக்க விட்டால் வாடை வரும். வந்தால் நிறுத்தி, டீ குடிக்கிற நேரம் ஆறவிடுங்கள்.

லைசென்ஸுக்கு எட்டுப் போடச் சொல்கிறார்களே, அதன் நோக்கமே மெதுவாக வண்டியை அடக்குவதுதான். நம் ஆட்கள் கியர் இல்லாத வண்டியில் எட்டுப் போட்டுவிட்டு மறுநாள் உயரமான வண்டி வாங்கி மலைக்குப் போகிறார்கள். கிளட்சை யாரும் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பதில்லை. அப்பா சொன்னது, அண்ணன் சொன்னது, சார் சொன்னது என்றுதான் போகிறது. அதில் சார் சொன்னதே தப்பாக இருந்தால்?

மருமகளே, நீ இதைப் படிப்பாய் என்று தெரியும். வண்டியை விற்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். விற்றால் அவன் நண்பனுடைய வண்டியில் போவான், அந்த லிவர் எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியாது. விற்றால் கிடைக்கும் பணத்தை நினைக்காமல், நல்ல கையுறையும் கணுக்காலை மூடும் பூட்ஸும் வாங்கிக் கொடு. பாதிப் பணம் நான் தருகிறேன். தப்பில் எனக்கும் பங்கு இருக்கிறதே.

கட்டுப் பிரிக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. பிரித்து, டாக்டர் சரி என்று சொன்ன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு நம் ஊர் ஏரியின் காய்ந்த பக்கத்தில் அவனுக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். முதல் நாள் ஆக்சிலரேட்டரையே தொடக் கூடாது, கிளட்சை மட்டும் விட்டு ஐடிலிலேயே வண்டியை நகர்த்த வேண்டும். பத்து செங்கல் வைத்து அதற்கு நடுவே நடை வேகத்தில் வளைந்து வர வேண்டும். வர விரும்புகிறவர்கள் வரலாம். ஹெல்மெட் இல்லாமல் வருகிறவர்களுக்கு வேடிக்கை பார்க்க மட்டும் அனுமதி.

1988-லிருந்து மலையில் என் எஸ்டியில் பழகியவர்களே, உங்களில் பாதிப் பேர் இப்போது உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருப்பீர்கள். இறக்கத்தில் கிளட்ச் பிடி என்று சார் சொன்னதை அடித்துவிடுங்கள். பேஸ்புக்கில் இல்லாதவர்களுக்கு, நம்பர் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.